சுவரில் மாட்ட ஏதாவது ஒண்ணு

வீட்டை அழகுபடுத்தும் சாமான் விற்கிறவர்களின் ஞாபகம், அரிசிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை எல்லாம் ஏறி இறங்கிய பிறகுதான் ஜனங்களுக்கு வரும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்படி ஒரு கடையை நானும் விஜயாவும் பத்து வருஷம் நடத்தினோம். கடை என்னுடையது. விஜயா சம்பளத்துக்கு வந்தவள். ஆனால் வருகிறவர்கள் அவளைத்தான் முதலாளி என்று நினைப்பார்கள், ஏனென்றால் அவள் லேசில் சிரிக்க மாட்டாள். சுவர்க் கடிகாரம், பிளாஸ்டிக் பூ, திரைத்துணி, பீங்கான் பொம்மை, போட்டோவுக்குக் கண்ணாடி ஃபிரேம், இவ்வளவுதான் சரக்கு. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட காலம் அது. பீங்கான் பொம்மை விற்க உகந்த காலமில்லை. கல்லாவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்வது சட்டென்று புரியும்.

வாடகை வீடு

சுகந்திக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, வாடகைக்கு. சனிக்கிழமை தவறாமல் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவாள். கையில் இருப்பதில் ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சின்னச் சின்னதாகப் பத்து வாங்கினால் தூசிதான் தட்டணும், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவருக்கு நல்லதாக ஒன்று வாங்கு, மற்ற சுவர்கள் சும்மா இருக்கட்டும் என்றேன். நான்காவது சனிக்கிழமை, மலையும் அருவியும் இருக்கிற பெரிய படம் ஒன்றை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே படத்தோடு வந்து நின்றாள். பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று விஜயா சண்டைக்குத் தயாரானாள். சுகந்தி பணம் கேட்கவில்லை. கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வூட்டு ஓனரு செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்றாருக்கா. ஆணி அடிக்காத அழகு எதுனா இருந்தா காட்டுங்க."

பூ வேலைப்பாடு இல்லாத கண்ணாடி

ஆண்டியப்பன் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு வருகிறவர். கடையில் இருப்பதிலேயே பெரிய கண்ணாடி வேண்டும் என்றார். வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் போலிருக்கிறது என்று, ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு செய்ததை எடுத்துக் காட்டினேன். பூ வேண்டாம், முகம் பார்க்கவும் வேண்டாம் என்றார். அவர் மனைவி வரப்பில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுத்த படுக்கை. வீட்டுக்கு ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. அவள் படுத்திருக்கும் மூலையிலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். எதிர்ச் சுவரில் கண்ணாடி வைத்தால் அதில் வாசல் தெரியுமா என்று கேட்டார்.

தெரியுமா என்று எனக்கே தெரியாது. கடை மூலையில் பாயை விரித்து நானே படுத்துப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்த்தார். ஒரு சாய்ப்பில் பஸ் ஸ்டாண்டும், நின்றிருந்த திருக்கோவிலூர் பஸ்ஸும் எனக்குத் தெரிந்தன. விஜயா அந்தச் சாய்ப்பு மாறாதபடி மேலே கம்பி கட்டி, அடியில் ஒரு மரக்கட்டையும் வைத்துக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது, எப்படி இருக்கிறது என்று கேட்டோம். அலுத்துக்கொண்டவர் மாதிரிதான் பதில் சொன்னார்: "எந்த ஆடு வேலி தாண்டுது, நான் யார்கூட நின்னு பேசிக்கினு இருக்கேன்னு படுத்த எடத்துலருந்தே கத்தறா. முன்ன மாதிரியே ஆயிட்டா."

கோவிந்தனின் சான்றிதழ்

இதில் தப்பு என்னுடையது. தாலுகா ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்குக் கூட்டம் நெரிந்த மாதங்கள். மணலூர்பேட்டைப் பக்கம் குத்தகைக்கு நெல் போடுகிற கோவிந்தன், ஐந்து தடவை அலைந்து மகள் பேரில் ஒன்று வாங்கிவிட்டார். சீல் வைத்த அந்தக் காகிதத்தை நேராக என்னிடம் கொண்டுவந்து, வீட்டுச் சுவருக்கு நல்ல ஃபிரேமாகப் போடச் சொன்னார். அந்தப் பெண்தான் அந்த வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டியவள். அசல் பிறகு வேண்டியிருக்குமே என்று எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சுருங்காமல் இருக்கட்டும் என்று அட்டையில் பசை போட்டு ஒட்டியும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவும் மகளும் ஃபிரேமோடு ஓடிவந்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ, அசல் வேண்டும். கண்ணாடியைக் கழற்றினோம். காகிதம் அட்டையை விடவில்லை. விஜயா ஈரத்துணியால் ஓரத்தை ஒற்றிப் பார்த்தாள். சீல் மை கலங்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் சத்தமே இல்லாமல் அழுதாள். கடைசியில் விஜயாதான் மறுபடி கண்ணாடியைப் பொருத்தி, ஒரு துணிப்பையில் போட்டு, அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மறுநாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் நேராகக் கடைக்கு வந்து, சீட்டு கிடைத்துவிட்டது என்றாள். ஃபிரேமைப் பார்த்து ஆபீசர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "செவுத்துல மாட்டறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியான்னாரு. இல்ல சார்னேன். அப்பறம் அவரு ஒண்ணும் கேக்கலக்கா."

பாதி திறந்த ஷட்டர்

மறியல் வாரம். உளுந்தூர்பேட்டை ரோடு நெடுகப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. வெட்டப் போனவர்களில் என் தம்பியும் உண்டு. அதைப் பெருமையாகவும் சொல்ல முடியாமல், இல்லையென்றும் சொல்ல முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் எலி ஏதாவது புகுந்திருக்குமா என்று பார்க்கக் கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தேன். ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தாள். புடவைக் கரையெல்லாம் புழுதி. நாலு மைல் நடந்தே வந்தாளாம், மரத்தையெல்லாம் தாண்டித் தாண்டி. பேர் சரசு. உள் அறைக்கு ஒரு திரைத்துணி வேண்டும். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த அறையில்தான் நெல் மூட்டையும் தட்டுமுட்டுச் சாமானும், கதவு கிடையாது.

பஸ்ஸே ஓடாதபோது மாப்பிள்ளை வீட்டார் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. பச்சையில் வெள்ளைக் கொடி போட்ட துணியைத் தேர்ந்தெடுத்து, உடம்பில் வைத்து நீளம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க எப்ப வருவாங்களோ, வராமகூட பூடலாம். அந்த மூட்டையெல்லாம் மறைஞ்சி போனா என் வூடு எப்டி இருக்கும்னு நான் ஒரு தபா பாத்துடறேங்க."

பிளாஸ்டிக் ரோஜா

மறியல் முடிந்த சில நாளில் ஆரோக்கியமேரி வந்தாள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்களிடம் ஏதாவது ஒன்று வாங்குவாள், போன தடவை சிவப்பு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. மறியல் வாரத்தில் அவள் தெருவில் பதினோரு கூரை எரிந்ததும், அதில் அவளுடையதும் ஒன்று என்பதும் எங்களுக்குத் தெரியும். யார் தீ வைத்தது என்று ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. என் தம்பியிடம் நான் கேட்டேன். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றான். நம்பினேன். ஆனாலும் அவள் கடைப்படி ஏறியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

போன தடவை வாங்கியது மாதிரியே ரோஜா வேண்டும் என்றாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களாம். முதலில் வீட்டுக்கு வேண்டிய சாமானைப் பார், பூவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்று உளறினேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. கொத்தை உதறித் தூசி தட்டினாள், முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "அரிசி குடுத்தாங்க, பாத்திரம் குடுத்தாங்க, பொடவ குடுத்தாங்க. பூ ஒருத்தரும் குடுக்கல."

பத்து வருஷமாக எதை எங்கே வைத்தால் வீடு அழகாக இருக்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்களும் அதை முன்பே தெரிந்துகொண்டுதான் கடைக்கே வந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.