ஆயுதபூஜை கண்ட உடற்பயிற்சி சைக்கிள்

அந்த சைக்கிள் வந்து இறங்கிய இரண்டாம் நாளே, வாங்கிய இணையதளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, "அப்பாவின் முழங்காலுக்கு இதைவிட நல்லது கிடையாது, யோசிக்காமல் வாங்கலாம்" என்று படத்தோடு எழுதிவிட்டேன். முப்பத்தொரு பேர் அதைப் பயனுள்ளது என்று அழுத்தியிருந்தார்கள். அந்த முப்பத்தொரு வீடுகளிலும் இதே சனியன் நிற்கிறதோ என்னவோ.

அப்பா அரசு பஸ் ஓட்டுநர். மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் வண்டி. டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தில் வழுக்கி விழுந்து, இடது முழங்கால் சிப்பி உடைந்தது. கம்பி கட்டித் தேற்றினார்கள், ஆனால் கட்டைப் பிரித்தபோது கால் விறகுக் கட்டை மாதிரி நின்றது. இடது கால் மடங்காமல் கிளச் மிதிக்க முடியாது. தசரா முடிந்ததும் உடல்தகுதிச் சோதனை. கால் போதுமான அளவு மடங்கினால் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நாற்காலி.

பிசியோதெரபி செய்த மேடம் தெளிவாகத்தான் சொன்னார். "தினமும் இங்கேயே கூட்டிட்டு வாங்க. எங்க சைக்கிள் பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா அசையாது." நான்தான் கேட்கவில்லை. மைசூரில் எங்கள் வீடு இருக்கும் அக்ரஹாரத்துச் சந்துக்குள் தினமும் ஆட்டோவை வரவழைத்து, அப்பாவை ஏற்றி இறக்குவதைவிட வீட்டிலேயே ஒன்று வாங்கிவிடலாம் என்று வாதாடினேன். பதினொரு மாடல்களை ஒப்பிட்டு, பட்டியல் போட்டு, வீடியோக்கள் பார்த்து, அத்தனை அறிவையும் செலவழித்து இதைத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் வாரம் கைப்பிடியில் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் இளகத் தொடங்கியது. பிடித்தால் ஒட்டும். வியர்வையும் ரப்பரும் கலந்த ஒரு நாற்றம். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா தட்டை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதென்ன, தாரு ரோடு போட்டுட்டு வந்தீங்களா?"

"உன்ற மக வாங்கிக் குடுத்ததாக்கும். அவளையே கேளு."

அடுத்து மிதிகட்டையின் பட்டை அறுந்தது. நான் சணல் கயிற்றால் கட்டினேன். பிறகு சீட் மிதிக்க மிதிக்கத் தானாகக் கீழே இறங்கியது. உள்ளே ஏதோ தேய்ந்து, மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் தரையில் உதிர்ந்தது. தினமும் பெருக்கி எடுத்தேன். ஆனாலும் கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிக்கொண்டிருந்தது. அதனால் பொறுத்துக்கொண்டோம்.

ஆயுதபூஜை அன்று காலை கூடத்தில் தண்ணீர்ச் சத்தம். அப்பா ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது பக்கெட்டை சைக்கிள் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். டிப்போவில் அன்றைக்கு ஒவ்வொரு பஸ்ஸையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அந்த வருஷம் அவருக்கு டிப்போ இல்லை. கையில் இருந்த ஒரே வண்டி இதுதான்.

"ஏப்பா, இது கழுவற சாமானுங்களா?"

"கழுவாம எப்படி அம்மிணி பொட்டு வெக்கறது? சரி, இதுக்குச் சக்கரம் தரையில படலையே. பழத்த எங்க வெக்கோணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவரைத் தடுக்கவில்லை. சாமந்தி மாலையை நானே போட்டேன். எலுமிச்சையை சைக்கிள் நிற்கும் கால் கம்பிக்கு அடியில் வைத்து, அது நசுங்க நானே மேலே ஏறி நின்றேன்.

மறுநாள் கீழே பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்தது. துடைத்தோம். அடுத்த நாளும் கசிந்தது. டைல்ஸில் வெற்றிலை துப்பிய மாதிரி கறை. அதற்கடுத்த நாள் அப்பா மிதித்துக்கொண்டிருக்கும்போதே சீட்டைத் தாங்கிய குழாய் அடியோடு ஒடிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்ததால் தலை தப்பியது. இடது கால் மட்டும் அவருக்கு அடியில் மாட்டி மடங்கியது. எலும்பு உடையவில்லை. ஆனால் அவர் போட்ட சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கம்பெனியிலிருந்து வந்த ஆள் காய்ந்த மாலையைப் பார்த்தான், தரைக் கறையைப் பார்த்தான். "வாட்டர் டேமேஜ், மேடம். வாரண்டி பரல்ல" என்று கன்னடத்தில் கையை விரித்தான்; வாரண்டி வராதாம்.

அப்பா கட்டிலில் இருந்தபடியே அவனிடம் கன்னடத்தில் கேட்டார். "இதுமேல உக்காந்து மிதிச்சா மனுசனுக்கு வேர்க்குமா, வேர்க்காதா?"

"வேர்க்கும் சார்."

"அப்ப வேர்வையும் தண்ணிதானே? உங்க ஆளுங்க வேர்க்காத ஆளுக்கா இத செஞ்சாங்க?"

அவன் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்பா ஒடிந்த குழாயை மடியில் வாங்கி, சாவியால் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. அதன் கீழே வெள்ளையாக ஏதோ பொடிந்தது. இரும்பை இரும்போடு இரண்டு இடத்தில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி பற்றவைத்து, மிச்சத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். உள்ளே துரு செதில் செதிலாக இருந்தது, மூன்று நாள் துரு இல்லை. "ஊத்துன தண்ணி கொஞ்சம் அவசரப்படுத்திருச்சு, அவ்வளவுதான்" என்று குழாயைக் கீழே வைத்தார். முகர்ந்து பார்த்தேன், அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை. அதில் உட்கார்ந்துதான் அவர் ஒன்றரை மாதம் என்னை நம்பியிருக்கிறார்.

சோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆட்டோ வைத்து அந்த மேடத்திடமே போனோம். அவருடைய அசிங்கமான, அசையாத சைக்கிளில் அப்பா ஏறவே மறுத்தார். ஒருவழியாக ஏறியும் இடது காலை அழுத்தவில்லை. மேடம் என்னைத் திட்டவில்லை. வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மொதல்லயே இங்க வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

சோதனையில் கால் போதுமான அளவு மடங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை பேருந்து நிலையத்தில் மைக்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். கண்ணாடி அறைக்குள் அப்பா, கொள்ளேகால் வண்டி கிளம்பப்போகிறது என்று கன்னடத்தில் அறிவித்துக்கொண்டிருந்தார். அவருடைய வண்டிதான். வேறொருவர் ஓட்டிக்கொண்டு வெளியேறினார். அப்பா அதைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்தார்.

"இங்க ஏசி இருக்குது அம்மிணி. வேர்க்கறதே இல்ல."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அந்த அறையின் குளிர்கூடப் பிடிக்கவில்லை.