சௌந்தரம் டீச்சரின் சினை நண்டு

பந்தல்குடி வழியாக வரும் பஸ்ஸில், மூடி போட்ட அலுமினியக் கேனை இரண்டு கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் சௌந்தரம் டீச்சர். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் தளும்பும். மழை பொய்த்த வருஷம். அந்தச் சத்தம் கேட்டாலே பக்கத்திலிருப்பவர்களுக்கு நாக்கு வறளும். "டீச்சரம்மா, பிள்ளைக்கு ஒரு வாய் ஊத்துங்களேன்" என்று யாராவது கேட்பார்கள். "இது கடத் தண்ணி தாயி. குடிச்சா கொமட்டும்" என்பார். கேட்டவள் நம்பமாட்டாள். அருப்புக்கோட்டைக்குக் கடல் தண்ணீரை யார் சுமந்து வருவார்கள்? கொடுக்க மனமில்லாத பொம்பளை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பெண்கள் பள்ளியில் இயற்கை அறிவியல் ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, கேட்டால், "ஆகல, விடுங்க" என்பதோடு சரி. மாதம் ஒரு சனிக்கிழமை விளாத்திகுளத்தில் பஸ் மாறி வேம்பார் கடற்கரைக்குப் போவார். காலிச் சங்குக்குள் புகுந்து குடியிருக்கும் துறவி நண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவார். வீட்டுப் பின்கட்டில் ஒரு காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி, இப்போது கடல் தண்ணீரோடு நண்டுகளுக்கு. வெயிலில் தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது. அதனால் தொட்டியில் ஆணியால் கீறிய கோடுவரைக்கும் தினமும் நல்ல தண்ணீர் விடவேண்டும். அடுத்த வீட்டுப் பேச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவாள்: "குடிக்கத் தண்ணிக்கு நாய் படாத பாடு படுதோம். இவுக நண்டுக்கு ஊத்துறாக!"

நண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீச்சரை நிறுத்த முடியாது. "முன்பக்கம் சிப்பாயி, பின்பக்கம் பச்சப்பிள்ள" என்பார். தலையிலும் கொடுக்கிலும் ஓடு கட்டியிருக்கும். வயிறோ தோல் மட்டும்தான், சங்கின் வளைவுக்கேற்பச் சுருண்டிருக்கும். பத்துக் காலில் கடைசி நாலும் குட்டை. அவை நடக்க அல்ல, சங்கைப் பற்றிக்கொள்ள. இடது கொடுக்கு பெரிதா, வலது பெரிதா என்று முதலில் பார்க்கவேண்டும். நண்டுக் குடும்பம் பிரிவது பெரும்பாலும் அங்கேதான். டீச்சருக்கு அதற்குப் புத்தகம் வேண்டாம். ஈர மணலில் அது நடக்கிற நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அப்படித்தான் ஒன்றைப் பார்த்தார். சுண்டைக்காய் அளவு. நீலக் காலில் வெள்ளை வரி. "இது வேற" என்று அங்கேயே சொன்னார். மூன்றைப் பிடித்து, கெடாமலிருக்க ஸ்பிரிட்டில் போட்டு, கல்லூரியில் தன்னோடு ஒரே பெஞ்சில் படித்த சரஸ்வதியிடம் கொடுத்தார். சரஸ்வதி அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. அவளிடம் நுண்ணோக்கி உண்டு, நூலகம் உண்டு.

மூன்று வருஷம் கழித்துத் தபாலில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. புதிய இனம். கண்டறிந்தவர் சரஸ்வதி. கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: மாதிரிகளை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் சேகரித்தார்.

"ஒருவர்" என்ற சொல்லை டீச்சர் எத்தனை தடவை படித்தாரோ, அந்த இடத்தில் தாள் நைந்துவிட்டது. அதற்குப் பிறகு மதுரை பஸ்ஸில் ஏறுவதையே விட்டார். மதுரையிலிருந்து யார் வந்தாலும் பேச்சைச் சுற்றிவளைத்துக் கொண்டுவந்து, "அந்தக் காலேஜு சரஸ்வதி எப்பிடி இருக்காக? உடம்பு பெருத்துட்டாகளோ?" என்று விசாரிப்பார். ஒன்பதாம் வகுப்பில் அதே பெயரில் ஒரு பெண் படித்தாள். நண்டுப் படத்தை எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அவளுக்கு அரை மதிப்பெண் குறையும். அது தவறு என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்தேதான் குறைத்தார்.

எழுபதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரஸ்வதியே வாசலில் வந்து நின்றாள். உடம்பு பெருக்கவில்லை, இளைத்திருந்தாள்.

"கல்கத்தாவுல ஒரு ஆராய்ச்சிக்காரர் மறுத்து எழுதப் போறாராம்டி. அது தனி இனம் இல்லையாம், வேற ஒண்ணோட குஞ்சாம். வளந்தா வரி அழிஞ்சிருமாம். நீ குடுத்த மூணும் ஆணு. முட்டை சொமந்த சினை நண்டு ஒண்ணே ஒண்ணு காட்டுனா, இது வளந்த உசுருதான்னு வாய அடைச்சிரலாம். உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. நாலு நாள் முன்னால்தான் தொட்டியில் ஒன்று சங்கு மாற்றியதை டீச்சர் பார்த்தார். ஓடில்லாத வயிற்றின் இடப்பக்கத்தில் கருஞ்சிவப்பு முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

"இல்ல. எல்லாம் செத்துப்போச்சு" என்றார்.

சொன்னதும் நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அவள் இனமும் போகட்டும், அவள் பெயரும் போகட்டும். காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரையைக்கூடக் குறைக்கவில்லை.

சரஸ்வதி காப்பியைக் குடிக்காமல் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தாள். "உம்பேர எழுதத்தான் பேனாவ எடுத்தேன் சௌந்தரம். கை வரல. நீ கரையில நின்னு ஒரு பார்வையில 'வேற'ன்னு சொல்லிட்ட. அதையே சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆச்சு. பெஞ்சுல ஒக்காந்திருந்த காலத்துலருந்து எனக்கு அந்தப் பொறாமதான்டி."

இவள் தன்னை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டாள் என்றுதான் டீச்சர் இத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"பொறாமடி. உம்மேல."

டீச்சர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். வரும்போது கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் அந்த நண்டு. அதைவிடச் சற்றே பெரிய காலிச் சங்கொன்றைப் பக்கத்தில் போட்டார். செத்துப்போன நண்டு எப்படி வந்தது என்று சரஸ்வதி கேட்கவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து காத்திருந்தார்கள். நண்டு புதுச் சங்கின் வாயைக் கொடுக்கால் தடவியது, உள்ளே விட்டு அளந்தது, உருட்டிப் பார்த்தது. கால்மணி நேரம் கழித்துச் சட்டென்று பழையதை விட்டுப் புதியதற்குத் தாவியது. அந்த ஒரு நொடியில் முட்டைக்கொத்து தெரிந்தது. சரஸ்வதி டீச்சரின் கையைப் பிடித்தாள். டீச்சர் கையை விடுவித்துக்கொண்டார்.

"வளத்தவ நானு. நானே போடுறேன்" என்று ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார்.

பாட்டிலுக்குள் நண்டு அடங்கியபின் இடுக்கியால் அதைச் சங்கிலிருந்து உருவி அடியில் விட்டார். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் கரையின் பெயர், தேதி, பிறகு சேகரித்தவர் என்று போட்டு, அப்பா பெயரையும் முழுதாக விரித்துத் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். எழுத்து வெளியே பார்க்கும்படி தாளைப் பாட்டிலுக்குள் இறக்கினார்.

"சௌந்தரம், அஞ்சு மணி பஸ்ஸு போயிரும்டி."

டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நண்டின் நீலக் கால் ஒன்று அவர் பெயருக்கு முன்னால் மிதந்து இரண்டு எழுத்தை மறைத்தது. இடுக்கியை மறுபடி உள்ளே விட்டு, நண்டைத் தாளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மூடியை இறுக்கினார்.