முருகன் பேரைச் சொல்லி நடந்தேன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது மதுரை திருநகரில் குடியிருந்தோம். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட, நிணநீர்ப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நாற்பது வயதுகூட முடிந்திருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவார்கள். இரண்டு தடவை ஏற்றுவதற்குள் தொடை சூம்பிப் போனது. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டேன். தரையில் உட்கார்ந்தால் மனைவிதான் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சமர்த்தாகப் படுத்திருந்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மா என் எடையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "படுத்தே கிடந்தா சதை இன்னும் கரையும். இப்படியே போனா மருந்தை உடம்பு தாங்காது, பாதியில நிறுத்த வேண்டி வரும். காய்ச்சல் இல்லாத நாள்ல நடங்க. கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போங்க" என்றார். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மனைவி என்னைத் தெருமுனை வரை கூட்டிப்போனாள். திரும்பி வந்தால், வாசலில் அக்கா. அடுத்த தெருவில் இருப்பவள். பெற்றவர்கள் போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"ஏத்தா, நிக்கவே தெம்பில்லாதவன நடக்கவிட்டு எந்தம்பி உசுர வாங்கப் பாக்குறியா?" என்று மனைவியிடம் தெருவே கேட்கக் கத்தினாள். டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தினமும் விடிந்ததும் வந்து கட்டில் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவாள். நான் எழுந்தால் அதட்டல். கால் மெலிவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மனைவி அதிகம் பேசாதவள். ஒருநாள் காபி டம்ளரை அக்கா கையில் கொடுத்தபடி சொன்னாள்: "மதினி, ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். வைத்தியம் முடிஞ்சதும் இவுக நடந்தே பரங்குன்றத்து மலையச் சுத்தி வருவாகன்னு முருகனுக்கு வேண்டியிருக்கேன். நடந்து பழகாம எப்படிச் சுத்துவாக?"

அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. எனக்குத் தெரியும். வாயைத் திறப்பேனா நான்!

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சாமி காரியத்துல நான் குறுக்க நிப்பேனா? எந்திரிடா!"

அதற்குப் பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது. விடிகாலையில் வந்து கேட்டைத் தட்டுவாள். அசதியாக இருக்கிறது என்றால், "முருகனுக்கு யாரு பதில் சொல்றது? நேத்து பால் பூத் வரைக்கும் வந்தேல்ல, இன்னைக்கு பஸ் ஸ்டாப்" என்பாள். காய்ச்சல் நாட்களில் மட்டும் மனைவி குறுக்கே வந்து காப்பாற்றினாள். மற்ற நாட்களில் முனகிக்கொண்டே நடந்தேன், மனதுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆனால் நடந்துவிட்டு வந்தால் பசித்தது. ருசி செத்துப் போயிருந்த நாக்கு இன்னொரு இட்லி கேட்டது. எடை இறங்குவது மெல்ல நின்றது. ஒரு தடவைகூட மருந்து தள்ளிப்போகவில்லை.

கட்டி கரைந்தது. கரைத்தது மருந்துதான், நடை கரைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மருந்தைத் தாங்கிக்கொள்ள ஓர் உடம்பை மிச்சம் வைத்தது நடை.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே! ஒரு பௌர்ணமி மாலை மூன்று பேரும் கிரிவலம் போனோம். மலையின் பின்பக்கச் சாலையில் அக்காவுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. "நீங்க போங்க, நான் மெல்ல வாரேன்" என்று ஓரமாக நின்றாள். நான் அவள் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். அக்கா கனத்த உடம்புக்காரி. பாரம் முழுக்க என்மேல் இறங்கியது. கால் தடுமாறவில்லை. கோயில் வாசல் வரை அப்படியே நடந்தோம். "எம்புட்டுத் தெம்புடா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மனைவி மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள்.

நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னபோதுகூட எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவளை என் கால்கள் தாங்கிய அந்த மாலையில்தான் பிழைத்துவிட்டேன் என்று நம்பினேன், அந்த நம்பிக்கையில்தான் இன்றும் காலையில் செருப்பை மாட்டுகிறேன்.