அளவு சொல்லாமல் கேட்ட வரம்

வரம் கேக்கிற கதையள் எனக்குப் பிடிக்கும். கேக்கிற ஆக்களைத்தான் பிடிக்காது. மகளுக்குச் சோறு தீத்தேக்க அந்தக் கதையளைச் சொல்லுவன். மூண்டு வரம் கிடைச்சு மூண்டையும் பாழாக்கிப்போட்டு நிக்கிறவனிட்டை வந்ததும் கதையை நிப்பாட்டி, "மூளை இருந்தால் யோசிச்செல்லோ கேக்கவேணும்" எண்டு அவனைப் பேசுவன்.

"பாவம் அம்மா அவன்" எண்டுவாள் மகள்.

அந்தமுறை மாரி மழைக்கு விதைச்ச காலபோகம் நல்லாத்தான் வந்தது. கண்டாவளையில எங்கட வயல் பச்சைப்பசேலெண்டு நிண்டது. எனக்கு அது காணாது. குளம் நிரம்பி மேலால வழிஞ்சு வான் பாய்ஞ்சால் கோடையில சிறுபோகத்துக்கும் தண்ணி விடுவினம், ஒரு வருசத்தில ரெண்டு விளைச்சல். அந்த நினைப்பில மிதந்துகொண்டு திரிஞ்சனான். குசினிக்குப் புதுக் கூரை, மகளுக்குச் சைக்கிள் எல்லாம் கண்ணுக்குள்ள வந்து வந்து போச்சுது.

"முதல் இதை வெட்டி வீட்டை கொண்டுவருவம்" எண்டார் இவர். ஆர் கேட்டது? குளக்கட்டுப் பிள்ளையாரிட்டைப் போய்த் தேங்காய் உடைச்சு நேத்தி வைச்சன். "அப்பனே, குளம் வான் பாயவேணும். பாய்ஞ்சால் தைப்பொங்கலுக்கு எங்கட வயல் புது அரிசியில உனக்கொரு பானை." எவ்வளவு பாயவேணுமெண்டு நான் சொல்லேல்ல.

மார்கழி மழை துவங்கினது, விடவேயில்லை. குளம் வான் பாயுதெண்டு சனம் மோட்டச்சைக்கிளில பாக்கப் போச்சுது. கச்சான் கடலை விக்கிறவையும் பின்னால போச்சினம். நானும் போனனான். வெள்ளைவெளேரெண்டு தண்ணி விழுற சத்தத்தில ஒருத்தற்றை கதையும் கேக்கேல்ல. சிரிச்சு, கும்பிட்டுப்போட்டு வந்தனான். அடுத்தநாள் விடிய அந்தத் தண்ணி எங்கட வயலுக்கு வந்திட்டுது.

வரம்பும் தெரியேல்ல, வாய்க்காலும் தெரியேல்ல. கதிர் வந்த நெல்லெல்லாம் தண்ணிக்குக் கீழ படுத்துக் கிடந்தது, அதுக்கு மேல முழு வானமும் கிடந்தது. முகிலுக்குள்ள கொக்குகள் நடந்து திரிஞ்சுதுகள். சொல்லக்கூடாது, அவ்வளவு வடிவு. வடிவெண்டு நினைச்ச என்னிலயே எனக்குக் கோவம் வந்தது, பிறகுதான் அழுகை வந்தது. "பேராசை பெருநட்டம்" எண்டு இவர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் குடுத்திருப்பன். மனிசன் சும்மா வந்து பக்கத்தில நிண்டார்.

தண்ணி வடிய எல்லாம் அழுகிப்போச்சுது. தை பிறந்தது. நேத்தி நேத்திதானே, கடையில அரிசி வாங்கினம்.

"கடை அரிசிக்குப் பிள்ளையார் கோவிப்பாரோ?" எண்டு மகள் கேட்டாள்.

"கோவிக்கட்டும். நானும் கோவமாத்தான் இருக்கிறன்."

குளக்கட்டில பானை வைச்சம். பக்கத்தில குளம் தளம்பிக்கொண்டு கிடந்தது. சிறுபோகத்துக்கு எல்லாருக்கும் தண்ணியெண்டு விவசாயியளின்ரை கூட்டத்தில சொல்லிப்போட்டினம், எங்களிட்டைத்தான் விதைக்க ஒரு பிடி நெல்லில்லை. கேட்டதைக் கேட்டபடி குடுத்திட்டார் அவர், குறை சொல்லேலாது.

பால் பொங்கி வழிஞ்சது. கண்ணை மூட, மகள் என்ரை காதுக்குள்ள, "அம்மா, இந்தமுறை ஒண்டும் கேக்காதேங்கோ" எண்டாள். ஓமெண்டனான்.

கண்ணைத் திறந்தால் இவரின்ரை வாய் முணுமுணுத்துக்கொண்டு நிக்குது.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

பொய். எனக்குத் தெரியும், ஏனெண்டால் நானும் கேட்டுப்போட்டன். விதைநெல், ரெண்டே ரெண்டு மூட்டை. அளவு சொல்லித்தான் கேட்டனான்.