பரீட்சை அம்மாவுக்குக் கொண்டுபோன ஆரஞ்சு

நேற்று ஒண்டிக்கடை முக்கில் ஒரு பழக்கடையில் ஆரஞ்சு வாங்கினேன். "மலைப் பழம்க்கா, இப்பத்தான் பறிச்சது" என்று சத்தியம் பண்ணாத குறையாகத் தலையில் கட்டினான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு பழத்துக்கும் பொட்டு வைத்த மாதிரி ஒரு ஸ்டிக்கர். ஏற்காட்டுக்காரியிடமே வெளியூர்ப் பழத்தை மலைப் பழம் என்று விற்கிறானே, அவன் நன்றாக இருக்கட்டும்! எரிச்சலோடு ஒன்றை உரித்தேன். தோலின் வாசனை சுள்ளென்று மூக்கில் ஏறியது பாருங்கள், வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது: ஜெ மாஞ்ஜே, து மாஞ்ஜே, இல் மாஞ்ஜே.

சிரிக்காதீர்கள். எனக்கு ஆரஞ்சு வாசனை வந்தாலே பிரெஞ்சு வந்துவிடும். அதிலும் குறிப்பாக அந்த ஒரு இறந்தகாலம்.

பள்ளிக்கூடம் முடித்த புதிது. கோடையில் பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மலைக்கு வருவார்கள். அவர்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று இங்கே ஒரு விருந்தினர் விடுதியில் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் ஊர் வாழவந்தியிலிருந்து பஸ் பிடித்து ஒரு பிரெஞ்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தேன். முடிவில் வாய்மொழித் தேர்வு. தேறினால் விடுதி வேலை. தேறாவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி. அத்தை மகள் எனக்கும் சேர்த்து ஹாஸ்டலில் இடம் சொல்லி வைத்திருந்தாள். எனக்கோ அடிவாரத்துக் குப்பனூர் வரைக்கும் இறங்கினாலே வியர்த்து ஊற்றி அழுகை வந்துவிடும். அப்படியொரு சுகவாசி.

அந்த இறந்தகாலத்தை வகுப்பெடுத்த ஸ்டெல்லா டீச்சர் இரண்டே வரியில் புரியவைத்தார். "சின்ன வயசுல ஆத்துக்குப் போவோம், குளிப்போம், கத்துவோம்னு கதை சொல்வீங்கல்ல? ஒரு நாள் நடந்ததில்ல, வழக்கமா நடந்துட்டு இருந்தது. அதுக்குத்தான் இது." புரிந்தது. புரிந்தால் போதுமா, நாக்கில் நிற்க வேண்டாமா? அம்மா காப்பி பறிக்கும் வரிசையில் பின்னாலேயே நடந்து, நான் சாப்பிடுவேன், நீ சாப்பிடுவாய், அவன் சாப்பிடுவான் என்று பிரெஞ்சில் ஒப்பித்துக்கொண்டே போவேன். அந்த மூன்றும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும்.

"ஏன் கண்ணு, சொன்னதையே சொல்ற? மறந்துபோச்சா?" என்பாள் அம்மா, கை நிற்காமல்.

தேர்வன்று காலையில் அம்மா ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். உள்ளே வாசல் மரத்து ஆரஞ்சுகள்.

"எதுக்கும்மா?"

"பரீச்ச வெக்கிற அம்மாவுக்கு. அவ்வளவு தூரத்துலருந்து வாராங்க, வெறுங்கையோட போயி நின்னா நொம்ப அசிங்கம் சாமி."

தேர்வாளருக்குப் பழம் கொடுத்தால் என்ன பெயர் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். "ஊட்டுல காச்சதத் தானே குடுக்கறோம்" என்று பையைக் கையில் திணித்துவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் மேசைக்கடியில் பையை உதைத்துத் தள்ளி மறைத்தேன்.

எங்கள் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். சின்ன வயதைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கைடில் அதற்கு ஒரு பதில் இருந்தது: நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் கடற்கரைக்குப் போவோம், மணலில் வீடு கட்டுவோம். வகுப்பே அதை மனப்பாடம் செய்திருந்தது. கடலைப் பார்த்தவர்கள் எங்களில் ஒருத்தி கூடக் கிடையாது!

என் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்: "கான் ஜெத்தே பெத்தித், நூ ஸாலியோன் ஆ லா மேர்..."

"போதும்மா, போதும்" என்று கையைத் தூக்கினார் தேர்வு வைக்க வந்திருந்த பாண்டிச்சேரி அம்மாள். "காலைலேர்ந்து கடல்லயே நிக்கறேன், காலெல்லாம் நனைஞ்சு போச்சு. உன் கதையைச் சொல்லு." பிறகு மூக்கைச் சுருக்கினார். "என்ன இங்க ஆரஞ்சு வாசம்?"

பதறிக் காலை இழுத்தேன். பை சாய்ந்து பழங்கள் உருண்டோடின. ஒன்று நேரே அவர் செருப்பில் போய் முட்டி நின்றது. தொலைந்தோம், திருப்பூர்தான் என்று முடிவு செய்தேன். அந்த அதிர்ச்சியில் வாய்க்கு வந்ததைப் பிரெஞ்சில் சொன்னேன். எங்கள் வாசலில் ஆரஞ்சு மரம் இருக்கும். அம்மா காப்பி பறிப்பாள். சாயங்காலம் மூடுபனி யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வரும். நாங்கள் அடுப்போரம் ஒட்டி உட்கார்ந்து ஆரஞ்சு தின்போம். எல்லாம் அந்த இறந்தகாலத்திலேயே, ஒரு வினைகூடத் தப்பாமல்!

அவர் கண்கூட நனைந்தது. தமிழில் கேட்டார்: "அழகா இருக்கும்மா. மரம் எப்ப போச்சு?"

"போவலைங்க. வாசல்லயேதான் நிக்குது."

"அம்மா?"

"இந்நேரம் காப்பி பறிச்சுட்டு இருப்பாங்க."

"மூடுபனி?"

"நேத்துக்கூட ஊட்டுக்குள்ள வந்துச்சுங்க."

"அப்புறம் ஏம்மா எல்லாம் போயிட்ட மாதிரி சொன்ன?"

"நீங்க அதுலதானுங்களே கேட்டீங்க!"

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மதிப்பெண்ணைப் போட்டு, பேனாவை மூடிவிட்டு, "இப்ப எடு பழத்தை" என்றார். அன்று எல்லோரும் தின்றோம். ஸ்டெல்லா டீச்சர் தோலைக்கூட விடாமல் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு விடுதி வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அறைக்குள் நுழைந்ததுமே ஏசி எங்கே என்று தேடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் இப்போது பாதி வேலை.

நேற்று அம்மாவுக்கு ஒரு சுளை கொடுத்தேன். டேபிள் ஃபேனுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். முட்டி வலி வந்ததிலிருந்து தோட்டத்துக்குப் போவதில்லை. "த்தூ, தண்ணிய மென்ன மாதிரி இருக்குது. பரீச்சக்காரம்மாவுக்குக் குடுத்தமே, அது பழம்!" என்றாள். வாசல் மரம் பட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது.

விளையாட்டாக அன்றைய பதிலை அப்படியே பிரெஞ்சில் ஒப்பித்துக் காட்டினேன். ஒரு வினையும் மறக்கவில்லை.

"என்ன கண்ணு சொன்ன?"

"வாசல்ல ஆரஞ்சு மரம் இருக்கும், நீ காப்பி பறிப்ப, பனி ஊட்டுக்குள்ள வரும், அடுப்போரம் உக்காந்து திம்போம்னு சொன்னேன்."

அம்மா ஸ்டிக்கரை உரித்து ஃபேன் மேல் ஒட்டினாள்.

"சரியாத்தானே சொல்லியிருக்கற" என்றாள்.