என் விரல்கள் மடங்கிய வெள்ளிக்கிழமை

ஆண்டவரின் அன்பில் இணைந்திருக்கும் உங்களிடம், என் தொண்டையில் இரண்டாம் முறை கத்தி வைத்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கொரோனாவுக்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. தைராய்டில் கட்டி என்று பாதியை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். மீதிப் பாதியிலும் கட்டி வந்துவிட்டது. பழைய தழும்புக்குள் திரும்பப் போவதால் குரல் நரம்பு பாதிக்கப்படலாம், உடம்பில் கால்சியமும் இறங்கலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்தார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எனக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் நான். அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் எனக்காக எங்கள் வீட்டில் வைத்தார்கள். அந்த மாலைகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. வாசல் நிறையச் செருப்பு. பாயில் நெருக்கியடித்து அக்காமார். தமிழில் பாடிவிட்டுத் தெலுங்கில் சண்டை போடும் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் மட்டும் ஜெபம் தொடங்கியதும் அடுப்படிக்கு நழுவிவிடுவார். டீ போடுவதுதான் தன் ஊழியம் என்பார்.

ஜெபத்தின் நடுவே என் உதடு மரத்தது. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. பக்கத்திலிருந்த பாஸ்டரம்மாவின் காதில் கிசுகிசுத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஸ்தோத்திரம்! ஆவியானவர் தொடுறாரு, எல்லாரும் சத்தமா ஜெபிங்க!"

ஜெபத்தில் கை சிலிர்த்தால் எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். நானும் நம்பினேன். ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே இழுத்துக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. மூச்சு முட்டியது. கூப்பிடக் குரல் இல்லை. எல்லோரும் கண்களை மூடி உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். செத்துவிடுவேன் என்று பயந்தேன். "அப்பா, யாராவது என்னைப் பார்க்கட்டும்" என்று உள்ளுக்குள் கதறினேன்.

டீத் தட்டோடு என் வீட்டுக்காரர் வந்தார். டம்ளரை நீட்டினார். வாங்காத என் கையைப் பார்த்தார்.

"டாக்டர் சொன்ன மாதிரி கால்சியம் இறங்கிடுச்சு! எந்திரிங்கம்மா எல்லாரும். மிச்ச ஜெபம் ஆட்டோவுல பண்ணுங்க, இங்க நக்கோ, வேணாம்!"

பாஸ்டரம்மாதான் முதலில் எழுந்து ஓடி ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் என் கையைத் தேய்த்தபடி அழுதுகொண்டே ஜெபித்தார். ஆஸ்பத்திரியில் நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். விரல்கள் மெல்ல மெல்ல விரிந்தன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்றார்கள்.

சில மாதங்களில் குரல் திரும்பியது, பழைய உச்சம் இல்லாமல். அக்காமார் சென்னைக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். கால்சியம் மாத்திரை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஸ்தோத்திரம், அதுவும் ஆண்டவர் தந்ததே.

பிரியமானவர்களே, என் தேவன் அன்று என் கதறலைக் கேட்டார். உங்களுடையதையும் கேட்பார், நம்புங்கள். வியாதியாய் இருப்பவரைச் சுற்றி ஜெபிக்கும்போது, ஒருவராவது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருங்கள். கர்த்தர் உங்களைத்தான் அனுப்பியிருக்கலாம்.