கீழ் இழுப்பறையில் ஒரு கோழி

தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்காமல் மராமத்து அக்கா எந்தப் பழைய பீரோவையும் வேலைக்கு எடுப்பதில்லை. இழுப்பறையை உருவுவார், கண்ணை மூடுவார், மூச்சை இழுப்பார். "இதுல மருந்து வச்சிருந்திருக்காங்க. இதுல சோப்பு. இதுல எலி குடும்பம் நடத்தியிருக்கு, வாடகையும் குடுக்கல." சாமானைக் கொண்டுவந்தவர் திருதிருவென்று விழிப்பார். எலியைப் பற்றி அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

பட்டறை என்பது மாட்டுக் கொட்டகையின் பாதிதான். ஒரு பக்கம் பசு. மறுபக்கம் கால் ஒடிந்த நாற்காலிகளும் கண்ணாடி போன அலமாரிகளும். பால் கறந்த கையைக் கழுவிவிட்டு அக்கா அப்படியே உப்புத்தாளை எடுப்பார். தீவனம் வேகிற அடுப்பில்தான் மரப்பசையும் காயும். ஒருநாள் வீட்டுக்காரர் சட்டி மாற்றிப் பசையைக் கொண்டுபோய்ப் பசுவின் முன் வைத்துவிட்டார். பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாட்டுக்குத் தெரிஞ்சது மனுஷனுக்குத் தெரியல," என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

"நீ சமைக்கறதும் அந்தப் பதத்துலதானே இருக்கு. நான் என்னத்தைக் கண்டேன்," என்பார் அவர், சளைக்காமல்.

அக்காவுக்கு விட்டுக்கொடுக்காத கொள்கை என்று ஒன்று உண்டு. சொன்ன நாளில் சாமான் போய்விட வேண்டும். மழை கொட்டட்டும், காய்ச்சல் அடிக்கட்டும், பசு கன்று போடட்டும், இதுவரை நாள் தவறியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. இன்னொன்று, சரிசெய்து முடித்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. வருகிறவர்களுக்குக் கவிழ்த்த வாளி, வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் டின். "உட்கார்ந்து பழகிட்டா அது நம்ம சாமான் ஆயிடும். அப்புறம் குடுக்க மனசு வராது," என்று காரணம் சொல்வார். சொல்லும்போது நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருப்பார்.

அந்த முதல் கொள்கைக்குத்தான் இந்த மாதம் சோதனை வந்தது. பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் தன் அம்மாவின் இழுப்பறை அலமாரியைக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை புதுவீட்டுக்குக் குடிபோகிறார். அலமாரி அன்றைக்கு வேண்டும். அக்கா கீழ் இழுப்பறையை மட்டும் உருவி, மெழுகு காய மூலையில் வைத்தார். அதில் கிடந்த மரச்சீவலைக் கொட்ட மறந்துபோனார். புள்ளிக் கோழிக்கு அதைவிட நல்ல மெத்தை எங்கே கிடைக்கும்? முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

முன்பு இரண்டு தடவை கலைத்து விட்டதில் அடையையே உதறிவிட்டுப் போன கோழி அது. அக்கா அதைத் தொடவில்லை. எப்போது உட்கார்ந்தது என்று வீட்டுக்காரரிடம் விசாரித்து, வெள்ளிக்கிழமை பொரித்துவிடும் என்று கணக்குப் போட்டார். எல்லாக் கிழமையும் ஒன்றாகவே தெரிகிற மனிதரிடம் போய்க் கிழமை கேட்டது அக்காவின் தப்பு. வெள்ளி போனது, சனி போனது, ஒரு முட்டைகூட அசையவில்லை. அதே அளவில் புதிதாக ஒரு பெட்டி அடித்துச் சீவல் பரப்பிப் பக்கத்தில் வைத்தார். கோழி அதை எட்டிப் பார்த்துவிட்டுப் பழையதிலேயே உட்கார்ந்துகொண்டது.

"உன் வளர்ப்பு அப்படி. அதுக்கும் பழசுதான் வேணுமாம்," என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. அலமாரி பளபளவென்று நின்றது, கீழே மட்டும் பல் விழுந்த வாய். நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாள் தவறாதுன்னு ஊரே சொல்லுச்சுன்னுதானே உங்ககிட்ட குடுத்தேன். அங்க வீட்டுல எல்லாரும் காத்திட்டு இருக்காங்க."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

நர்சம்மா புதுப் புடவையோடு சாணித் தரையில் மண்டியிட்டு, கோழி கொத்தக் கொத்த ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஓட்டில் மெல்லிய கீறல்.

"ஆரம்பிச்சிருச்சு," என்றார், வார்டில் பேசுகிற குரலில். "இப்ப யாரும் அசைக்கக் கூடாது." முட்டையைப் பதமாக உள்ளே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "டிரைவர் தம்பி, வண்டியை ஆஃப் பண்ணுங்க. நேரமாகும்."

வீட்டுக்காரர் தன் டின்னை விட்டுக்கொடுக்க எழுந்தார். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. சுவரோரம் போய், நேற்றுத்தான் மெழுகு ஏற்றி முடித்த சாய்வு நாற்காலியின் மேல் கிடந்த துணியை உருவினார். முந்தானையால் ஒருமுறை துடைத்தார். இரண்டு கையாலும் தூக்கிவந்து கோழிக்குப் பக்கத்தில் போட்டார்.

"உட்காருங்க," என்றார்.